புழுவுக்கு வைத்த குறி

பார்சிலோனா என்றதும் உங்களுக்குக் கால்பந்துதான் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அந்த ஊர்த் துறைமுகத்தில் நடந்த ஒரு துப்பறியும் கதை.

1981 முதல் 1987 வரை, ஸ்பெயின் நாட்டின் அந்த நகரத்து மருத்துவமனைகளை ஒரு புதிர் ஆட்டிப்படைத்தது. பல நாட்கள் எல்லாம் வழக்கம்போல இருக்கும். திடீரென்று ஒரு நாள், சில மணி நேரத்துக்குள், மூச்சு வாங்கிக்கொண்டு ஆட்கள் கூட்டம் கூட்டமாக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடி வருவார்கள். எல்லோருக்கும் ஆஸ்துமா. மறுநாள் பார்த்தால் பழையபடி அமைதி. இப்படி 26 நாட்கள்.

ஆஸ்துமா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. அப்படியிருக்க ஒரே நாளில் இத்தனை பேருக்கு எப்படி? காற்றில் ஏதோ வருகிறது என்பது வரை யாரும் ஊகித்துவிடலாம். எது, எங்கிருந்து என்பதுதான் கேள்வி. ஜோசப் மரியா அன்டோ என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதைத் தேடிப் புறப்பட்டார்கள். நோயாளிகளின் இடங்களை ஊர்ப் படத்தில் குறித்தபோது புள்ளிகள் துறைமுகத்தை ஒட்டி மொய்த்தன. உடனே துறைமுகப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். எந்த நாளில் எந்தக் கப்பல், என்ன சரக்கு? 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நோய் வெடித்த நாட்கள் 13. அந்த 13 நாட்களிலும் தவறாமல் இறங்கியிருந்த சரக்கு ஒன்றுதான்: சோயா பீன்ஸ்.

கப்பலிலிருந்து இறங்கும் சோயாவைப் பெரிய குதிர்களில் கொட்டி வைப்பார்கள். அவற்றில் ஒரு குதிரின் உச்சியில் தூசியைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டிப் பைகள் இல்லை. சோயா கொட்டும்போதெல்லாம் அதன் தூசி வெளியே கிளம்பும். காற்று துறைமுகத்திலிருந்து ஊர்ப் பக்கம் மெல்ல வீசும் நாளாகப் பார்த்து, அந்தத் தூசி தெருக்களுக்குள் நுழைந்துவிடும். வடிகட்டி போட்டார்கள். கூட்டம் கூட்டமாக வந்த ஆஸ்துமா நின்றது.

துப்பறியும் கதை இங்கே முடிந்துவிட்டது. அறிவியல் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால் சோயா விஷம் கிடையாது. உலகம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். அந்தத் துறைமுகத்தில் அதே தூசியை மூச்சில் இழுத்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, சோயாத் தூசியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் ஒரு பொருள் அவர்களிடம் இருந்தது. அது என்ன? சோயாவுக்கு எதிராக உடம்பு ஏன் அதைச் செய்து வைத்தது?

அதற்குள் போகும் முன், மூச்சு போகும் வழியை ஒரு முறை பார்த்துவிடலாம். கழுத்தின் முன்பக்கத்தை விரலால் மெல்லத் தடவுங்கள். வளையம் வளையமாகத் தட்டுப்படும். அதுதான் மூச்சுக்குழாய். அந்த வளையங்கள் குருத்தெலும்பு. குழாய் நசுங்காமல் பார்த்துக்கொள்பவை. நெஞ்சுக்குள் போனதும் குழாய் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகும். இருபது முறைக்கு மேல் இப்படிப் பிரிந்து, கடைசியில் கோடிக்கணக்கான காற்றறைகளில் போய் முடியும். போகப்போகக் குருத்தெலும்பு காணாமல் போய்விடும். ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள சிறுகுழாய்களில் அது அறவே இல்லை. அங்கே குழாயைச் சுற்றியிருப்பது தசை மட்டும்தான். கையை மடக்கு என்றால் மடங்குமே, அந்த மாதிரித் தசை இல்லை இது. நம் சொல்லுக்குக் கட்டுப்படாது.

இந்தச் சிறுகுழாய்களில்தான் ஆஸ்துமாவின் வேலை நடக்கிறது. மூன்று காரியம் ஒரே நேரத்தில். சுற்றியிருக்கும் தசை இறுகும். குழாயின் உள்தோல் வீங்கும். வீங்கிய தோலிலிருந்து பிசின் போன்ற கெட்டிச் சளி ஊறும். மூன்றும் சேர்ந்து வழியைக் குறுக்கிவிடும்.

குறுகினால் எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிரான்சு நாட்டு மருத்துவர் புவாஸேய் 1840 வாக்கில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டுக் கண்டுபிடித்தது. குழாயின் ஆரம் பாதியானால், ஓட்டத்துக்கான தடை இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கும் ஆகாது. பதினாறு மடங்கு ஆகும். ஆரத்தை நான்கு முறை பெருக்க வேண்டும், அதுதான் சூத்திரம். இப்போது அப்பாவின் குழாய் ஒன்றின் ஆரம் 4 மில்லிமீட்டர், உங்கள் தம்பியின் குழாய் ஒன்றின் ஆரம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் உள்தோல் ஒரே அளவு, ஒரு மில்லிமீட்டர், வீங்குகிறது. அப்பாவுக்கு 4 என்பது 3 ஆகும். தடை சுமார் மூன்று மடங்கு. தம்பிக்கு 2 என்பது 1 ஆகும். தடை பதினாறு மடங்கு. அதே சளி, அதே தூசி. பெரியவர் இருமிவிட்டுப் போய்விடுவார், சின்னவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். தாள் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு விரிந்து, சிறுகுழாய்களையும் கொஞ்சம் இழுத்துத் திறந்துவிடும். வெளியே விடும்போது எல்லாம் சுருங்கும். அதனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் பெரும்பாடு. பழைய காற்று வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிட, புதுக் காற்றுக்கு இடமில்லை. குறுகிய வழியில் காற்று பிதுங்கும்போது குழாயின் சுவர் அதிர்கிறது. வீட்டில் 'வீசிங்' என்றும் 'இழுப்பு' என்றும் சொல்கிறார்களே, அந்த விசில் சத்தம் அதுதான்.

சரி, தசையை இறுகு என்றும் தோலை வீங்கு என்றும் யார் சொல்கிறார்கள்?

பால் எர்லிக் என்ற ஜெர்மானியர் 1878-இல், மருத்துவப் படிப்பை முடிக்கும் தறுவாயில், உடம்பின் திசுக்களுக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். சாயத் தொழிற்சாலைகள் புதுப்புது நிறங்களை உருவாக்கிய காலம். அவருக்குச் சாயங்களின்மேல் பித்து. சில செல்கள் சாயத்தை விநோதமாக உறிஞ்சின. உள்ளே மணி மணியாக ஏதோ அடைந்திருந்தது, பிளந்த மாதுளைபோல. அவற்றுக்கு மாஸ்ட் செல் என்று பெயர் வைத்தார். தோலிலும், குடலிலும், மூச்சுக்குழாயிலும், அதாவது வெளியுலகம் நம் உடம்பைத் தொடும் இடங்களிலெல்லாம், இந்தச் செல்கள் இருக்கின்றன.

அந்த மணிகளுக்குள் இருப்பது ஹிஸ்டமின் முதலான ரசாயனங்கள். செல் உசுப்பப்பட்டால் சில நிமிடங்களுக்குள் எல்லா மணிகளும் வெளியே கொட்டும். ஹிஸ்டமின் பட்ட இடத்தில் ரத்தக் குழாய் கசியும், தோல் வீங்கும், தசை சுருங்கும். கொசு கடித்த இடத்தில் தடிக்கிறதே, அதே கைவரிசை. மாஸ்ட் செல் அதோடு நிறுத்தாது. லியூகோட்ரையீன் என்ற இன்னொரு சரக்கை அப்போதே புதிதாகத் தயாரித்தும் அனுப்பும். இது ஹிஸ்டமினைவிடப் பல மடங்கு வலுவாகவும் நீண்ட நேரமும் மூச்சுக்குழாய்த் தசையை இறுக்கிப் பிடிக்கும். இதன் அமைப்பைக் கண்டறிந்த ஸ்வீடன் விஞ்ஞானி பெங்ட் சாமுவெல்சன் 1982-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

ஆனால் மாஸ்ட் செல்லுக்குக் கண்ணும் இல்லை காதும் இல்லை. சோயாத் தூசி வந்திருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

இதற்கான முதல் தடயம் 1921-இல் கிடைத்தது. கிடைத்த விதம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்தது. அன்று ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரில் கார்ல் பிராவுஸ்னிட்ஸ், ஹைன்ஸ் குஸ்ட்னர் என்று இரண்டு மருத்துவர்கள். குஸ்ட்னருக்கு வேகவைத்த மீன் ஒத்துக்கொள்ளாது. துளி பட்டாலும் உடம்பெல்லாம் அரிப்பும் தடிப்பும். பிராவுஸ்னிட்ஸ் மீன் நன்றாகவே சாப்பிடுவார். குஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து செல்களை நீக்கிவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் ஒரு துளி எடுத்து, பிராவுஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைக் கொஞ்சம் ஏற்றினார். சில நிமிடங்களில் அந்த இடம் மட்டும் சிவந்து, தடித்து, அரித்தது. மற்ற இடங்களில் மீன் சாறு பட்டாலும் அவருக்கு எதுவும் ஆகவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒருவருடைய அலர்ஜியை எடுத்து இன்னொருவர் தோலில், ஒரு சின்ன வட்டத்தில் நட்டுவிட்டார்கள்! அப்படியென்றால் அலர்ஜி என்பது மனப்பிரமையும் இல்லை, பலவீனமும் இல்லை. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஒரு பொருள். (இன்று யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். அடுத்தவர் ரத்தம் வழியாக மஞ்சள் காமாலை முதல் எச்ஐவி வரை எதுவும் வந்து சேரலாம். நீங்கள் செய்து பார்க்க ஆசைப்படாதீர்கள்.)

அந்தப் பொருளைப் பிடிக்க இன்னும் 45 ஆண்டுகள் ஆயின. ரத்தத்தில் அது அவ்வளவு குறைவு. 1966-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதி அதைப் பிரித்தெடுத்தார்கள். கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் என்ற இருவரும் வேறு வழியாக அதே பொருளுக்கு வந்து சேர்ந்தார்கள். 1968-இல் இரண்டும் ஒன்றுதான் என்று முடிவாகி, ஐஜிஇ என்று பெயரிட்டார்கள்.

ஐஜிஇ ஒரு எதிர்ப்பொருள். 'Y' எழுத்தின் வடிவம் கொண்ட ஒரு புரதம். அதன் வால் மாஸ்ட் செல்லின் மேல் குத்தி நிற்கும். இரண்டு கைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஐஜிஇ-யும் ஒரு குறிப்பிட்ட பொருளுக்காகவே செய்யப்பட்டது. சோயாவுக்கானது சோயாவைத்தான் பிடிக்கும், மீனைத் தொடாது. முதன்முறை சோயாத் தூசி உள்ளே போகும்போது எந்தத் தொல்லையும் இருக்காது. உடம்பு சத்தமில்லாமல் ஐஜிஇ தயாரித்து மாஸ்ட் செல்களில் நட்டுவைக்கும். அடுத்த முறை தூசி வந்து, பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ இரண்டைச் சேர்த்துப் பிணைத்தால் போதும், மணிகள் கொட்டும். "போன வருஷம்கூட இதே பூனையோடுதானே விளையாடினான், அப்போது ஒன்றுமில்லையே" என்று பெரியவர்கள் ஆச்சரியப்படுவது இதனால்தான். போன வருஷம் ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது.

சரி, பூனை முடியையும் சோயாத் தூசியையும் பிடிக்க உடம்பு எதற்காக இவ்வளவு பெரிய ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது? இதற்கு விடை சொல்ல நுரையீரலை விட்டுக் குடலுக்குப் போக வேண்டும்.

பள்ளியில் உங்களுக்குப் பூச்சி மாத்திரை தருகிறார்கள். அது கொக்கிப்புழு, உருளைப்புழு போன்றவற்றுக்கு. பாக்டீரியா என்றால் ஒரு வெள்ளையணு அதை விழுங்கிவிடலாம். உருளைப்புழுவோ உங்கள் ஸ்கேல் நீளத்துக்கு வளரக்கூடியது. எந்த வெள்ளையணுவாலும் விழுங்க முடியாது. அதனால் உடம்பு வேறு வழி வைத்திருக்கிறது: புழுவைக் கொல்ல முடியாவிட்டால் பிடித்து வெளியே தள்ளு. புழு நுழைந்தால் உடம்பில் ஐஜிஇ ஏகமாகப் பெருகும். குடல் சுவர் நீரையும் சளியையும் சுரந்து புழுவை வழுக்கச் செய்யும். குடலின் தசை இறுகி இறுகிப் புழுவைத் தள்ளும். ஈஸ்னோபில் என்ற வெள்ளையணுக்கள் புழுவின் மேல் அப்பிக்கொண்டு, அதன் தோலை அரிக்கும் நச்சுப் புரதங்களைக் கொட்டும்.

சளி, இறுகும் தசை, வீங்கிய சுவர். பட்டியலை எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா? குடலில் நடந்தால் வைத்தியம். அதுவே ஒரு மில்லிமீட்டர் மூச்சுச் சிறுகுழாயில் நடந்தால் ஆஸ்துமா. புழுவுக்கு வைத்த குறி பூனை முடியின் மேல் பாய்கிறது என்றுதான் பல விஞ்ஞானிகள் அலர்ஜி ஆஸ்துமாவைப் பார்க்கிறார்கள். உடம்பு பலவீனமானதால் வரும் நோய் இது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இது வீரியம் குறைந்த உடம்பின் நோயாகத் தெரியவில்லை. ஆள் மாறி அடிக்கும் உடம்பின் நோய்.

இதே ஆயுதங்கள் உண்மையாகவே புழுவை நோக்கி நுரையீரலில் பாய்வதும் உண்டு. அதை மருத்துவர்கள் முதலில் விவரித்தது நம் பக்கத்தில்தான். 1940-இல், அன்றைய சென்னை மாகாணத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமோட்-மோலர், பார்ட்டன் என்ற மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். டி.பி. என்று வந்த சிலருக்கு டி.பி. இல்லை. இரவில் இருமலும் இழுப்பும், ரத்தத்தில் எக்கச்சக்கமான ஈஸ்னோபில். காரணம் பின்னால்தான் தெரிந்தது: கொசு மூலம் பரவும் யானைக்கால் புழுவின் குஞ்சுகள். அவை நுரையீரலின் நுண் ரத்தக் குழாய்களில் சிக்கும்போது உடம்பு தன் படைக்கலம் முழுவதையும் அங்கே இறக்குகிறது. புழு மாத்திரை கொடுத்தால் இழுப்பு போய்விடுகிறது. ஊரில் இருமல் என்றாலே "ஈஸ்னோபீலியாவாக இருக்கும்" என்று பாட்டிகள்கூடச் சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு உண்டு. ஆனால் எல்லா இழுப்பும் அது ஆகாது. பிரித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனையும் மருத்துவரும் வேண்டும்.

நம் வீட்டில் சோயாக் கப்பல் கிடையாது. இருந்தாலும் இழுப்பு வருகிறதே? 1964-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் வீட்டுத் தூசியைச் சலித்துப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்தார்கள்: தூசி உண்ணி. சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம். எட்டுக் கால், நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மெத்தை, தலையணை, பஞ்சு பொம்மை, பழைய கம்பளி, இவைதான் வீடு. சாப்பாடு நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்கள். தண்ணீரே குடிக்காது; காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். கடலோரப் புழுக்கத்தில் அதற்குக் குறையேதும் இல்லை. கடிக்காது, கொட்டாது. தொல்லையெல்லாம் அதன் எச்சத்தில். ஒரு நாளைக்கு இருபது உருண்டைகள் வரை போடும். அந்த உருண்டையில் உண்ணியின் செரிமானப் புரதம் ஒன்று மிச்சமிருக்கிறது. புரதங்களை வெட்டுவது அதன் தொழில். மூச்சுக்குழாயில் போய் விழுந்தால், உள்தோலின் செல்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்திருக்கும் இணைப்புகளையே வெட்டி வழி திறந்துவிடும். புழுவும் தோலைத் துளைக்க இப்படித்தான் புரதம் வெட்டும் பொருள்களைப் பயன்படுத்துகிறது. உடம்பு ஏமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கயல்விழி என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். போகிக்கு முந்தின சனிக்கிழமை. பாட்டி பரணிலிருந்து பழைய மெத்தையை இறக்கித் தட்டுகிறார். இவள் பக்கத்தில் நின்று துடைப்பம் எடுத்துக் கொடுக்கிறாள். பத்து நிமிடத்தில் தும்மல், நெஞ்சு அடைப்பு, லேசான விசில். மாஸ்ட் செல்களின் வேலை. "வெளியே போய் நில்லுடி" என்கிறார் பாட்டி. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. சாயங்காலம் விளையாடக்கூடப் போய்விட்டாள். இரவு மறுபடி இழுக்கிறது, முன்னைவிடக் கடுமையாக. "சரியாப் போச்சுன்னுதானே சொன்னே?" என்று அம்மா பதறுகிறார்.

கயல்விழி பொய் சொல்லவில்லை. மாஸ்ட் செல்கள் முதல் தாக்குதலோடு ஒரு செய்தியையும் அனுப்பிவிட்டன. அந்த அழைப்பைக் கேட்டு ஈஸ்னோபில்கள் ரத்தத்திலிருந்து புறப்பட்டு மூச்சுக்குழாய்க்கு வந்து சேர நான்கிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். வந்தவை புழுவைத் தேடுகின்றன. புழு இல்லை. கொண்டு வந்த நச்சுப் புரதங்களை அங்கேயே கொட்டுகின்றன. அரிபடுவது அவளுடைய சொந்தக் குழாயின் உள்தோல். போதாக்குறைக்கு, வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசால் என்ற சுரப்பு நள்ளிரவை ஒட்டித்தான் உடம்பில் மிகக் குறைவாக இருக்கும். எல்லோருக்குமே மூச்சுக்குழாய் விடிகாலை நான்கு மணி வாக்கில் சற்றுக் குறுகலாகிறது. நமக்கு அது தெரியாது, கயல்விழிக்குத் தெரியும்.

இந்த இரண்டு கட்டங்களையும் புரிந்துகொண்டால் மருந்து ஏன் இரண்டு வகை என்பதும் புரிந்துவிடும். சால்பியூட்டமால் இருக்கும் இன்ஹேலர், பெரும்பாலும் நீல நிறம், இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். வீக்கத்தை அது தொடாது. தினமும் எடுக்கச் சொல்லும் இன்னொரு இன்ஹேலரில் இருப்பது கார்ட்டிசாலின் உறவுக்கார மருந்து. ஈஸ்னோபில்களை வரவிடாமல் வீக்கத்தை அடக்கும். அதை அழுத்தியதும் உடனே எதுவும் தெரியாது. அதனாலேயே "இது வேலை செய்யலை" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். "பம்ப் போட்டால் பழகிவிடும், மாத்திரையே நல்லது" என்று சொல்பவர்களிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள்: சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம், மாத்திரையிலோ 2 அல்லது 4 மில்லிகிராம், அதாவது இருபது, நாற்பது மடங்கு. பம்ப் நேராகக் குழாய்க்குப் போகிறது. மாத்திரை உடம்பையெல்லாம் சுற்றிவிட்டு வருகிறது.

அந்தப் பம்ப் பிறந்ததற்கு ஒரு 13 வயதுச் சிறுமி காரணம். அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் மகள். அவளுக்கு ஆஸ்துமா. ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி மருந்தைத் தூவும் கண்ணாடிக் கருவி ஒன்றைச் சுமந்து திரிந்தாள். 1955-இல் ஒரு நாள், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் ஏன் அடைக்கக்கூடாது என்று அப்பாவிடம் கேட்டாள். அடுத்த ஆண்டே அளவோடு தூவும் இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது.

இதுவரை சொன்னது அலர்ஜி வழியாக வரும் ஆஸ்துமா. குழந்தைகளில் அதுவே அதிகம், ஆனால் எல்லா இழுப்புக்கும் அலர்ஜி வேண்டியதில்லை. சாதாரணச் சளிக் காய்ச்சல் வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலைக் காயப்படுத்தினால், அந்தத் தோல் செல்களே அபாய அறிவிப்பை அனுப்பி, ஐஜிஇ இல்லாமலேயே அதே வீக்கத்தைத் தொடங்கிவைக்கும். பி.டி. பீரியடில் வாயால் மூச்சு வாங்கி ஓடும்போது குழாய் வறண்டுபோவதும் தசையை இறுக்கும். கொசுவத்திப் புகை, பட்டாசுப் புகை, சிகரெட் புகை, போகியன்று எரிக்கும் டயர்ப் புகை எல்லாம் ஏற்கெனவே வீங்கியிருக்கும் குழாயைச் சீண்டுபவை. ஆரோக்கியமான குழாய் இவற்றுக்கு இருமுவதோடு விட்டுவிடும். ஆஸ்துமாக் குழாயின் குணமே, சின்னச் சீண்டலுக்கும் பெரிதாகச் சுருங்குவது.

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஒரே மெத்தையில் படுக்கும் அக்காவுக்கு ஏன் வரவில்லை, தம்பிக்கு மட்டும் ஏன் வந்தது? மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆஸ்துமாவுக்கென்று தனி மரபணு ஒன்று கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்ந்துதான் சாய்வை உண்டாக்குகின்றன. அதற்கு மேல் வளரும் சூழல்.

சூழல் என்றதும் எல்லோரும் புகையைத்தான் நினைப்போம். எரிகா ஃபோன் மூட்டியஸ் என்ற ஜெர்மன் மருத்துவரும் அப்படித்தான் நினைத்தார். 1989-இல் பெர்லின் சுவர் விழுந்ததும், நிலக்கரிப் புகை மண்டிய கிழக்கு ஜெர்மனிக் குழந்தைகளையும், சுத்தமான மேற்கு ஜெர்மனியின் மியூனிக் குழந்தைகளையும் ஒப்பிட்டார். கிழக்கில்தான் ஆஸ்துமா அதிகம் இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. விடை தலைகீழாக வந்தது. கிழக்கில் இருமல் அதிகம். ஆஸ்துமாவும் அலர்ஜியும் மேற்கில்தான் அதிகம். புகை நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. புகைக்கு எதிர்ப்பக்கமாக வேறு ஏதோ ஒன்று கிழக்குக் குழந்தைகளைக் காத்திருக்கிறது. அவர்கள் சின்ன வயதிலேயே பல குழந்தைகளோடு காப்பகங்களில் வளர்ந்தவர்கள் என்பதால், நுண்ணுயிர்கள் பக்கம் பார்வை திரும்பியது.

2016-இல் வெளியான ஓர் ஆய்வு அதை இன்னும் கிட்டத்தில் காட்டியது. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். முன்னோர்கள் மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், மரபணுவில் நெருக்கம், சாப்பாடும் பழக்கவழக்கமும் ஏறத்தாழ ஒன்று. ஆமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா 5 சதவீதம். ஹட்டரைட் குழந்தைகளில் 21 சதவீதம். ஆமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுகிறார்கள். மாட்டுக் கொட்டில் வீட்டை ஒட்டியே இருக்கிறது. நடை பழகும் குழந்தை அங்கேதான் விளையாடும். ஹட்டரைட் பண்ணைகள் இயந்திரமயமானவை, வீட்டிலிருந்து தள்ளி இருப்பவை. இரண்டு வீடுகளின் தூசியையும் சேகரித்து எலிகளின் மூக்கில் விட்டார்கள். ஆமிஷ் வீட்டுத் தூசி பட்ட எலிகளுக்கு ஆஸ்துமா போன்ற வீக்கம் குறைந்தது. ஹட்டரைட் வீட்டுத் தூசிக்கு அந்தக் குணம் இல்லை. ஆமிஷ் தூசியில் பாக்டீரியாவின் எச்சங்கள் ஏறத்தாழ ஏழு மடங்கு.

'அப்படியானால் புழுவையே மறுபடி உள்ளே விட்டால்?' என்று உங்களில் ஒருவராவது நினைத்திருப்பீர்கள். இங்கிலாந்தில் நாட்டிங்காம் ஆய்வாளர்கள் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் சிலருக்குத் தோல் வழியாகக் கொக்கிப்புழுக் குஞ்சுகளை ஏற்றி, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. ஆகவே பூச்சி மாத்திரையை மென்று விழுங்குங்கள். ரத்தசோகையாவது வராமல் இருக்கும்.

மாட்டுக் கொட்டிலும் அப்படித்தான். காப்பு கிடைப்பது தாய் வயிற்றில் இருக்கும்போதும் பிறந்த முதல் சில ஆண்டுகளிலும், உடம்பு எதை எதிரி என்று எழுதிக்கொள்வது என்று தீர்மானிக்கும் காலத்தில். ஏற்கெனவே இழுப்பு வந்துவிட்ட கயல்விழி இனிமேல் கொட்டிலைக் கூட்டப் போனால் வைக்கோல் தூசியில் இழுப்புதான் கூடும். அவளுக்கு இப்போது உதவுவது தினசரி இன்ஹேலரும், அதில் மாட்டிக்கொள்ளும் ஸ்பேசர் என்ற குழலும், 60 டிகிரி வெந்நீரில் துவைத்த தலையணை உறையும்தான். ஆமிஷ் தூசியில் இருக்கும் ஆயிரம் பொருள்களில் எது உடம்புக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறது என்று ஆய்வகங்களில் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அது பிடிபட்டால், கொட்டில் இல்லாத அடுக்குமாடி வீட்டுக் குழந்தைக்கும் அதைச் சொட்டு மருந்தாகவோ ஸ்பிரேயாகவோ கொடுத்துப் பார்க்கலாம் என்பது அவர்கள் திட்டம்.